இன்வாய்ஸ் நம்பர் 214: நல்ல பையன்

போன புதன்கிழமை எங்கள் ஃபேக்டரிக்கு வந்த டேஸ்டிங் ரிப்போர்ட்டில், இன்வாய்ஸ் நம்பர் 214-க்கு நேராக இப்படி ஒரு வரி இருந்தது.

'நல்ல பையன். ரொம்ப மரியாதை. மனசு தாங்கவில்லை.'

இங்கிலீஷில்தான் இருந்தது. படித்து அர்த்தம் சொன்னவர் டீமேக்கர் ராமசாமி அண்ணன். இலை உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டைக்குள் போவது வரை அவர் பொறுப்பு. தினமும் பதினோரு மணிக்கு, இலையைக் காய வைக்கிற டிரையர் பக்கத்தில் நின்றுகொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி, ரிப்போர்ட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார். யார் செய்த தப்பு என்று யாரும் மழுப்பக் கூடாதாம்.

"212... கலர் பரவால்ல. 213... காரம் பத்தலை. 214... நல்ல பையன்..." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏனுங், டீத்தூளை யாராச்சும் நல்ல பையம்பாங்களா?"

"விலைதான் விழுந்து கெடக்குது... பேராச்சும் நல்லா இருக்கட்டுமுங்க!" என்றார் டிரையர்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். டீ விலை படுத்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் எங்கள் ஃபேக்டரியில் இலை எடுக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் திருப்பூருக்கு பஸ் ஏறியாச்சு. சிரிக்கக் கிடைத்தால் விடுவோமா? நானும் சிரித்தேன்.

அந்த வரி என் தம்பியைப் பற்றியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தம்பி குமரேசன் போனதை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் ஆகிறது. மழை, கொண்டை ஊசி வளைவு, பைக். அவ்வளவுதான். நிறைய பேர் கார்டு போட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். 'காலம் ஆற்றும்' என்று எழுதினவர்களுக்கு ஒரு தகவல்... இன்னும் ஆறவில்லை.

அந்த 214 எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதற்கு எங்கள் வேலை கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரு தடவை கலந்து மூட்டை கட்டின தூளுக்கு ஒரு நம்பர் போடுவோம். அதற்குப் பெயர் இன்வாய்ஸ். ஏலத்துக்கு முன்னால், ஒவ்வொரு இன்வாய்ஸிலிருந்தும் ஒரு கைப்பிடித் தூளை பாக்கெட்டில் போட்டு, சீட்டு ஒட்டி, குன்னூருக்கும் கொச்சிக்கும் புரோக்கர் ஆபீஸ்களுக்கு அனுப்புவோம். அவர்கள் கொதிக்க வைத்து, வாயில் வைத்து, துப்பிவிட்டு, 'காரமில்லை, கருகல், நல்ல கலர்' என்று எழுதி அனுப்புவார்கள். பாக்கெட்டில் தூள் போட்டு சீட்டு ஒட்டுகிறவள் நான். சாம்பிள் ரூமில் எட்டு வருஷமாக அதே ஸ்டூல்.

அவர்கள் எழுதி அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் வாங்கினவன் என் தம்பி. ஆபீஸ் ரூமில் சுழலும் நாற்காலி.

முன்னெல்லாம் தபாலில் வந்தது. பிறகு மெயிலில் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகத் திறந்து எழுதிக்கொண்டிருக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. ஒரு புரோகிராம் எழுதிவிட்டான். காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அது தானாக போன் லைனைப் பிடிக்கும். வந்திருக்கிற மெயில்களை இழுக்கும். இன்வாய்ஸ் நம்பர் எங்கே என்று தேடி, அதற்கு நேராக புரோக்கர் சொன்னதைப் போட்டு ரிப்போர்ட் அடிக்கும். அனுப்பினவருக்கு 'நன்றி, குறித்துக்கொண்டோம்' என்று பதிலும் போடும். நம்பர் இல்லாத மெயில் என்றால்? 'இன்வாய்ஸ் நம்பர் காணவில்லை. தயவுசெய்து நம்பருடன் மறுபடி அனுப்பவும்.' கீழே — இப்படிக்கு, குமரேசன்.

அவன் போய்விட்டான். புரோகிராமை யாரும் நிறுத்தவில்லை. அதற்கு யார் போய்ச் சொல்வது?

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு கொச்சியிலிருந்து போன் வந்தது. ஜோசப் சார். அங்கே ஒரு புரோக்கர் ஆபீஸில் கிளார்க். தம்பியும் அவரும் மூன்று வருஷம் தினமும் மெயிலில் பேசிக்கொண்டவர்கள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முட்டி ஆபரேஷனுக்காக மூன்று மாதம் லீவில் இருந்துவிட்டு, திங்கட்கிழமைதான் திரும்பி வந்திருக்கிறார். வந்ததும் விஷயம் தெரிந்திருக்கிறது.

"மோளே, குமரேசன்டெ அக்கா தானே? ஞான் ரொம்ப சங்கடப்பட்டு ஒரு மெயில் அயச்சு. அதுக்கு குமரேசன் பதில் போட்டிருக்கான்!"

ரிசீவரை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன். "என்ன... என்னன்னு போட்டிருக்கானுங்க சார்?"

"இன்வாய்ஸ் நம்பர் இல்லான்னு!"

"அய்யோ..."

"கேளு. ஞான் திரும்ப அயச்சு. இது இன்வாய்ஸ் இல்லா, துக்கம் விசாரிக்கிறதுன்னு. நாலு மணிக்குத் திரும்ப வந்நு. நம்பர் வேணுமாம்! மரிச்சவன் கேக்குந்நு மோளே, எந்து செய்யும்? இன்னு காலைல, மேசைல உங்க சாம்பிள் பாக்கெட் ஒண்ணு இருந்நு. அதுல இருந்த நம்பரை மேலே எழுதி அயச்சு. அப்போ 'நன்றி, குறித்துக்கொண்டோம்'னு வந்நு. அப்போதான் ஒரு சமாதானம்."

மேஜையில் இருந்த பாக்கெட் நம்பர் 214. சீட்டு ஒட்டியது நான்.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். பொய் எழுத வரவில்லை. எனக்கு வந்தது பொறாமை.

ஜோசப் சாருக்கு மூன்று மெயில்! கண்ணால் பார்க்காத மனுஷனுக்கு, செத்த பிறகு மூன்று மெயில். எனக்கு? உயிரோடு இருந்தபோதுகூட ஒரு வரி எழுதினதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற அக்காவுக்கு யாராவது எழுதுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பொறாமை என்றைக்கு நியாயம் பார்த்தது?

உண்மையைச் சொல்கிறேன். அது புதுப் பொறாமையும் இல்லை.

எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். ஹைஸ்கூலுக்கு பஸ் ஏற வேண்டும், பெண் பிள்ளை, பனிக்காலம்... ஏதேதோ காரணம். தம்பிக்கும் அதே பஸ், அதே பனி. அவன் போனான். டீ விலை விழுந்த நேரத்திலும் அவனைக் கோயமுத்தூரில் டிப்ளமா படிக்க வைத்தார்கள். 'தம்பிக்காகப் படிப்பை விட்ட அக்கா' என்று தயவுசெய்து யாரும் கார்டு போடாதீர்கள். நான் விடவில்லை. என்னைக் கேட்கவே இல்லை.

அவனுக்கு வேலை நிரந்தரமான அன்றைக்கு அம்மா அவனுக்குப் புது ஸ்வெட்டர் வாங்கி வந்தார். நீலக் கலர். அவனுடைய பழைய ஸ்வெட்டர் எனக்கு வந்தது. அக்காவுக்குத் தம்பியின் பழசு! எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இப்போது இரண்டு ஸ்வெட்டரும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஜோசப் சார் போன் பண்ணின விஷயம் மேனேஜர் வரை போனது. அவர் நித்யாவைக் கூப்பிட்டார். நித்யா, தம்பியின் நாற்காலிக்கு ஒரு மாதம் முன்னால் வந்த கோயமுத்தூர்ப் பெண். பெரிய படிப்பு. ஆபீஸ் ரூமுக்குள்ளேயே குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பையன் பேரு எங்கயும் வரக் கூடாது. அந்தப் புரோகிராமையே தூக்கிக் கடாசிட்டு வேற எழுதிப் போடும்மா" என்றார் மேனேஜர்.

தூக்கிக் கடாசு! சாம்பிள் ரூமில் கையில் பசையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி எழுதினது என்று இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். டைரி கிடையாது, கடிதம் கிடையாது. அது போனால் அவன் கையெழுத்தே போன மாதிரி. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அவளுக்குத் தெரியும்! அதுதான் எரிந்தது. ஒரு மாதம் முன்னால் வந்தவள் என் தம்பி எழுதினதைப் படிக்கிறாள். கூடப் பிறந்த எனக்குப் படிக்க வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் ரூமைக் கடந்து போனேன். நித்யா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தனியாக, வாயைப் பொத்திக்கொண்டு.

உள்ளே போய்விட்டேன். "என்ன சிரிப்பு?"

பயந்துவிட்டாள். "ஒண்ணுமில்லீங்கக்கா. இவர் எழுதினதுதான்..."

"அக்கான்னு கூப்பிடாதே."

அப்படி ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பாவம், அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு அவளே பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. காட்டறேன்."

காட்டினாள். நான் நினைத்த மாதிரி பயமாக இல்லை. மெயில் என்றால் முதலில் மூன்று சீட்டு ஒட்ட வேண்டுமாம். யாருக்கு, யாரிடமிருந்து, எதைப் பற்றி. அதற்குக் கீழே விஷயம். பிறகு 'அனுப்பு' என்று ஒரு வரி. வருகிற மெயிலுக்கு அதையே திருப்பிச் செய்ய வேண்டும். சீட்டைத் தனியாக உரி, உள்ளே இருப்பதைத் தனியாக எடு.

"இது சாம்பிள் பாக்கெட்டேதான்!" என்றேன்.

"ஆமாங்க, அதேதான். சீட்டு ஒட்டறது, பிரிக்கறது, லைனுக்குப் போயி அனுப்பறது... இதையெல்லாம் இவர் எழுதலைங்க. ஏற்கெனவே யாரோ எழுதி எல்லாரும் எடுத்துக்கற மாதிரி வெச்சிருக்காங்க. லைப்ரரின்னு சொல்லுவோம். அதைக் கூப்பிட்டு வேலை வாங்கியிருக்காரு."

"யாரிடமிருந்துங்கற சீட்டுல இவன் பேர் இருக்கே. ஆளே இல்லீன்னு அதுக்குத் தெரியாதா?"

"அங்க என்ன எழுதினாலும் ஒத்துக்குமுங்க. உசுரோட இருக்காங்களான்னெல்லாம் பாக்காது."

நாங்கள் பாக்கெட்டில் ஒட்டுகிற சீட்டையும் யார் பார்க்கிறார்கள்? நம்பிக்கைதான்.

"சரி, எதுக்குச் சிரிச்சே?"

நித்யா திரையைக் கீழே நகர்த்தினாள். புரோகிராமுக்கு நடுவில் கம்ப்யூட்டர் படிக்காத வரிகள் உண்டாம். மனுஷர்கள் படிப்பதற்காக மட்டும், வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு எழுதி வைப்பார்களாம். அதை கம்ப்யூட்டர் தாண்டிப் போய்விடும். தம்பி அவற்றைத் தமிழில் எழுதியிருந்தான், இங்கிலீஷ் எழுத்தை வைத்து. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும். மெல்லக் கூட்டிப் படித்தேன்.

'பிரிஸ்க்' வந்தால் நல்லது. பக்கத்தில் — அக்கா சொல்லுச்சு.

'ப்ளெய்ன்' வந்தால் கெட்டது, மரியாதைக்காக அப்படி எழுதுவார்கள். பக்கத்தில் — அக்கா சொல்லுச்சு.

'ஸ்மோக்கி' வந்தால் டிரையரில் புகை கசிகிறது, டிரையர்காரருக்குத் தனிச் சீட்டு அடி. பக்கத்தில் — அக்கா சொல்லுச்சு.

கீழே போகப் போக... அக்கா சொல்லுச்சு. அக்கா சொல்லுச்சு. அக்கா சொல்லுச்சு.

சாப்பிடும்போது கேட்பான். "அக்கா, ப்ளெய்ன்னா என்ன?" என்பான். பேச்சுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். டிப்ளமா படித்தவன் எட்டாவது படித்தவளைச் சோதித்துப் பார்க்கிறான் என்றுகூட நினைத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையில் பதில் சொல்வேன். எட்டு வருஷம் அந்தப் பாக்கெட்டுகளோடு உட்கார்ந்தவளுக்கு, ரிப்போர்ட்டில் எந்த வார்த்தை வந்தால் டீமேக்கர் முகம் எப்படிப் போகும் என்பது தெரியாதா?

"நான் சிரிச்சது இதுக்கில்லீங்க" என்றாள் நித்யா. "இதுக்கு." விரலை வைத்துக் காட்டினாள்.

'ஃப்ளாட்' வந்தால் நல்லது. பக்கத்தில் — அக்கா சொல்லுச்சு. அந்த வரிக்கு முன்னால் குறி போட்டு, கம்ப்யூட்டர் படிக்காதபடி அதை அடைத்திருந்தான். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. 'ஃப்ளாட்' வந்தால் கெட்டது. பக்கத்தில் —

அக்கா பொய் சொல்லுச்சு. கோவம் போல. ஏன்னு கேக்க வேண்டாம்.

அந்த வரியை மறுபடியும் கூட்டிப் படித்தேன்.

ஃப்ளாட் என்றால் உயிரில்லாத டீ. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கேட்ட அன்றைக்கு, "ஒரே சீரா இருக்குதுன்னு அர்த்தம், நல்லதுதான்" என்று சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். நீல ஸ்வெட்டர் வந்த அன்றைக்கு.

ஒரு வாரம் ரிப்போர்ட் தப்பாகப் போனது. உயிரில்லாத தூளையெல்லாம் நல்லது என்று காட்டியது. மேனேஜர் அவனை ஆபீஸ் ரூமில் நிற்க வைத்துக் கத்தினார். சாம்பிள் ரூம் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். "என் தப்புங்க சார்" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வழக்கம் போலச் சாப்பிட்டான். "அக்கா, பேக்கின்னா என்ன?" என்று ரிப்போர்ட்டில் வந்த அடுத்த வார்த்தையைக் கேட்டான். நான் பொய் சொன்னது அவனுக்குத் தெரியவில்லை என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அழுவதைப் பார்த்து நித்யா குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒரு மாசமா இந்த அக்கா மேல எனக்குச் செம பொறாமை. எதையெடுத்தாலும் மேனேஜர், 'குமரேசனா இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பான்'ம்பாரு. அந்தக் குமரேசனோ எல்லாம் அக்கா சொல்லுச்சுங்கறாரு! யாரோ கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு, இவருக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க, நமக்கு அப்படி யாருமில்லையேன்னு... நீங்கதான்னு தெரியாதுங்க."

நான் அவள் நாற்காலியைப் பார்த்துப் பொசுங்கிக்கொண்டிருந்தேன். அவள், ஆள் யாரென்று தெரியாமலே, என் ஸ்டூலை நினைத்துப் பொசுங்கியிருக்கிறாள். நடுவில் ஒரு சுவர்தான். ஃபேக்டரி டிரையர் தோற்றது போங்கள்!

"இப்ப இதைக் கடாசிருவியா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க கடாசறது? மெயில் அனுப்பறது, எடுக்கறது எல்லாம் நான் ஒரு நாள்ல எழுதிருவேன். அக்கா சொன்னதை நான் எங்க போய்ப் படிக்கறது? இது இருக்கட்டும். பேரை மட்டும் எடுத்துரலாம். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அக்கான்னே கூப்பிடு" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பெயரை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஜோசப் சாருக்கு மூன்று போன விஷயம் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. நித்யாவிடம் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு மெயில் அட்ரஸ் உண்டாக்கினாள். என் வாழ்க்கையில் முதல் மெயில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். யாருக்கு — ஃபேக்டரி. யாரிடமிருந்து — அக்கா. எதைப் பற்றி என்ற இடத்தில் 'ஃப்ளாட்' என்று போட்டேன். உள்ளே இரண்டு வரி.

ஃப்ளாட் கெட்டதுதான். கோவத்தில் பொய் சொன்னேன்.

நாலு மணிக்கு போன் லைன் கிரீச்சென்று கத்தியது. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... நித்யா என் மெயில் பெட்டியைத் திறந்தாள். வந்திருந்தது.

'அன்புள்ள ஐயா, தங்கள் மெயிலுக்கு நன்றி. இன்வாய்ஸ் நம்பர் காணவில்லை. தயவுசெய்து நம்பருடன் மறுபடி அனுப்பவும். இப்படிக்கு, குமரேசன்.'

ஐயாவாம்! எனக்கு! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. நீல ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டேன்.

"நம்பர் போட்டு மறுபடி அனுப்பிரலாங்களாக்கா?" என்றாள் நித்யா. "'நன்றி, குறித்துக்கொண்டோம்'னு வந்துரும். அதுக்கப்புறம் பேரை எடுத்துக்கலாம்."

"வேண்டாம்" என்றேன்.

பெயரை நானே எடுத்தேன். இங்கிலீஷில் ஒன்பது எழுத்து. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தது. அந்த இடத்தில் ஃபேக்டரி பெயரை நித்யா அடித்தாள். இனி துக்கம் விசாரிக்கிற யாரையும் அவன் நம்பர் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டான்.

ஜோசப் சாருக்கு மூன்று வந்தது, எனக்கு ஒன்றுதான். பரவாயில்லை... அவர் நம்பரைக் கொடுத்துப் பேச்சை முடித்துவிட்டார், என்னிடம் அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.